1964 ஒப்பந்தத்துக்கு இந்தியா மன்னிப்புக் கேட்க வேண்டும்

ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் வாசகர் வட்டம் எங்களுடையது. இலங்கை பற்றிப் பேச்செடுத்தால் இந்தப் பக்கத்தில் அது 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் தொடங்கி, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே 21-ல் நின்றுவிடும். அவருடைய நினைவிடம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது, வேறெப்படிப் பேசுவது? ஆனால் 1987-க்கு 23 ஆண்டுகள் முன்பு டெல்லியில் போட்ட இன்னொரு கையெழுத்தைப் பற்றித்தான் இந்த அறிக்கை. பழைய வெளியுறவுத் தவறுகளுக்கு அரசுகள் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்திய அரசு முதலில் கேட்க வேண்டியது, தோட்ட வேலைக்கு இலங்கை போன தமிழரின் வழிவந்த மலையகத் தமிழரிடம்.

1964 அக்டோபர் 30. இலங்கையில், பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களில், நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒத்துக்கொண்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கான்ட்ராக்டர்கள் லேபரைப் பிரித்துக்கொள்வதுபோல. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

"விரும்பியவர்கள்தானே விண்ணப்பித்தார்கள்" என்பது பழைய சமாதானம். இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஒதுக்கிய எண்ணிக்கையைவிட மிக அதிகம். இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் 5,25,000-ஐ எட்டவே இல்லை. மனு கொடுத்தவர்களின் விருப்பம் ஒரு பக்கம் இருந்தது, ஒப்பந்தம் வேறு பக்கம் இழுத்தது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் விழுந்தது அப்படித்தான். கையில் குடும்ப அட்டையுடன் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் காத்திருந்து, ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். கூடலூர்ப் பக்கம் இன்றும் அவர்களின் பேரப்பிள்ளைகள் லயன் வீடுகளில் இருக்கிறார்கள்.

முதல் குற்றம் இலங்கையுடையதுதான். 1948 குடியுரிமைச் சட்டமே இவர்களை நாடற்றவர்களாக்கியது; மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பு என்று நேரு கடைசிவரை சொன்னார். அவர் இறந்து ஐந்தே மாதத்தில் இந்தியா அந்த நிலையைக் கைவிட்டது. வர விரும்பியவர்களை ஏற்றதில் தவறில்லை. ஆட்களைக் கேட்காமல் எண்ணிக்கைக்குச் சம்மதித்ததுதான் தவறு.

இந்தியர்கள் வந்த கோமகட்டமாரு கப்பலை 1914-ல் திருப்பி அனுப்பியதற்காக 2016-ல் கனடா பிரதமர் நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டபோது இந்தியாவில் எல்லோரும் பாராட்டினோம். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு 2019-ல் பிரிட்டிஷ் பிரதமர் வருத்தம் மட்டும் தெரிவித்தபோது போதாது என்றோம். அதே அளவுகோலை நம் மீதும் வைக்க வேண்டாமா?

மன்னிப்புக் கேட்டால் சோறா வேகும் என்று எங்கள் கூட்டத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி; அதனால்தான் மன்னிப்போடு குடியுரிமையையும் கேட்கிறோம். 1983-க்குப் பிறகு படகில் வந்து தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் மலையகத்தவரும் உண்டு. தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கைக்குப் போனவர். பேரன் இங்கே சட்டவிரோதக் குடியேறி. முகாமில் பிறந்த பிள்ளைக்கும், பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இல்லாவிட்டால், 1987-ல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. அதே ஆண்டு, இப்படிப்பட்டவர்களின் மனுக்களைப் பரிசீலிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது.

ஆகவே நாடாளுமன்றத்தில், பிரதமர் வாயால், மலையகத் தமிழர் என்று பெயர் சொல்லி மன்னிப்பு வேண்டும். அதே கூட்டத்தொடரில் முகாம்களில் உள்ள இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை தரும் சட்டத்திருத்தமும் வர வேண்டும். திருத்தம் இல்லாத வெறும் மன்னிப்பை நாங்கள் வரவேற்க மாட்டோம். மன்னிப்பே இல்லாமல் திருத்தம் மட்டும் வந்தால் அதை ஏற்றுக்கொண்டு மீதியைத் தொடர்ந்து கேட்போம். ஸ்ரீபெரும்புதூர் மக்களவை உறுப்பினர் இதை அவையில் எழுப்ப வேண்டும் என்று கேட்டு இந்த அறிக்கையை அவருக்கு அனுப்புகிறோம்.