அழித்த பின் கிடைத்த தகுதி

அணு இரசாயனவியலாளர் கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் பற்றிய கட்டுரையை 2019 பெப்ரவரியில் ஆங்கில விக்கிப்பீடியா நீக்கியது பிழையான முடிவு. ஏறத்தாழ ஓராண்டு கழித்து அதே கட்டுரை மீண்டும் ஏற்றப்பட்டதைக் காட்டி விவகாரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். முடியவில்லை. அவரை வெளியே தள்ளிய அளவுகோல் இன்றும் அப்படியே இருக்கிறது.

ஃபெல்ப்ஸ் செய்த வேலை என்னவென்பதை முதலில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது, நீக்கம் பற்றிய சச்சரவில் அதுதான் அதிகம் மறக்கப்பட்டது. ஆவர்த்தன அட்டவணையின் 117ஆம் மூலகமான டென்னசினை ஆக்குவதற்கு பெர்க்கிலியம்-249 தேவைப்பட்டது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தின் அணுவுலையில் ஏறத்தாழ 250 நாட்கள் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, பின்னர் சுமார் 90 நாட்கள் பிரித்தெடுத்துச் சுத்திகரித்ததில் கிடைத்தது வெறும் 22 மில்லிகிராம். அதன் அரைவாழ்வுக் காலம் கிட்டத்தட்ட 330 நாட்கள். அதாவது, தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் கையிலிருக்கும் பொருள் குறைந்துகொண்டே போகும். அந்தச் சுத்திகரிப்பில் ஈடுபட்ட குழுவில் ஃபெல்ப்ஸ் ஒருவர். அதற்கு முன் அமெரிக்கக் கடற்படையின் அணுசக்திப் பிரிவில் பணியாற்றியவர். அந்தப் பெர்க்கிலியம் ரஷ்யாவுக்குப் போய், டுப்னாவில் கல்சியம்-48 கொண்டு மோதப்பட்டு, 2010இல் புதிய மூலகம் அறிவிக்கப்பட்டது. 2016 நவம்பரில் அதன் பெயர் உறுதியானது. பாரமிகு மூலகமொன்றின் கண்டுபிடிப்பில் பங்கெடுத்த முதல் ஆபிரிக்க அமெரிக்கப் பெண்ணாக ஃபெல்ப்ஸ் கருதப்படுகிறார்.

பெண் விஞ்ஞானிகள் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதிய பிரித்தானியப் பௌதிகவியலாளர் ஜெஸ் வேட் 2018 செப்டெம்பரில் ஃபெல்ப்ஸ் பற்றி எழுதினார். சில மாதங்களில் நீக்கல் உரையாடல் தொடங்கியது. சொல்லப்பட்ட காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: ஃபெல்ப்ஸைப் பற்றித் தனியாக, அவருடன் தொடர்பில்லாதவர்கள் எழுதிய சான்றுகள் போதவில்லை, இருப்பவற்றில் முக்கியமானவை அவர் வேலைசெய்யும் ஆய்வுகூடமே வெளியிட்டவை. கட்டுரை அழிக்கப்பட்டது. மறுபடி எழுதப்பட்டது; மறுபடியும் அழிக்கப்பட்டது.

இந்தக் காரணம் மேலோட்டமாக நியாயமாகவே படும். ஆனால் பல நாட்டு ஆய்வுகூடங்கள் சேர்ந்து செய்யும் ஒரு வேலையில் பத்திரிகைக்காரர்கள் யாரைத் தேடிப் போகிறார்கள்? திட்டத் தலைவரை, பணிப்பாளரை. கதிரியக்கப் பொருளைக் கையுறை மாட்டிச் சுத்திகரித்தவரைத் தேடி எந்தச் செய்தியாளரும் போவதில்லை. அங்கே நிற்பவர் பெண்ணாகவும் கறுப்பினத்தவராகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். ஆகவே, பத்திரிகைகள் விட்ட இடைவெளியையே அவருடைய தகுதிக் குறைவுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள்.

2019 ஏப்ரலில் அமெரிக்கப் பத்திரிகைகள் இந்த நீக்கத்தைப் பற்றி எழுதின. 2020இன் தொடக்கத்தில் கட்டுரை திரும்பி வந்தது. இடையில் அந்த 22 மில்லிகிராமில் ஒரு துளியும் கூடவில்லை, ஃபெல்ப்ஸின் பங்கிலும் எதுவும் மாறவில்லை. மாறியது அவரைப் பற்றிய செய்திகளின் எண்ணிக்கை. அவற்றில் கணிசமானவை அவர் நீக்கப்பட்ட செய்திகள். கண்டுபிடிப்பில் பங்கெடுத்தது தராத தகுதியை, அழிக்கப்பட்டது தந்திருக்கிறது. இதைவிட வெட்கக்கேடான திருத்தம் இருக்க முடியாது.

சான்று விடயத்தில் எல்லோரிடமும் இதே கண்டிப்புக் காட்டப்பட்டிருந்தால் கோபம் சற்றுத் தணியலாம். 2022 வரை அங்கே நடைமுறையிலிருந்த விளையாட்டு வழிகாட்டலின்படி, முழுமையான தொழில்முறை லீக் ஒன்றில் ஒரேயொரு உதைபந்தாட்டப் போட்டியில் இறங்கியவருக்கும் கட்டுரைத் தகுதி உண்டென்று கொள்ளப்பட்டது. பெண்களின் லீக்குகளில் மிகப் பல அந்த வரையறைக்குள் வரவே இல்லை. கடைசி ஐந்து நிமிடம் மாற்றாட்டக்காரராக ஓடிய இளைஞருக்குத் திறந்த கதவு, புதிய மூலகத்துக்கு மூலப்பொருள் தந்த பெண்ணுக்கு மூடிக்கிடந்தது.

இது முதல் தடவையுமல்ல. 2018 மே மாதத்தில் டொனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றிய வரைவு, சான்று போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டது. ஒக்டோபர் 2ஆம் திகதி அவருக்குப் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. மேரி கியூரி, மரியா கெப்பர்ட் மேயர் ஆகியோருக்குப் பின், 55 ஆண்டுகள் கழித்து, அத்துறையில் அப்பரிசு பெற்ற மூன்றாவது பெண். 1985இல் அவருடன் சேர்ந்து அந்த ஆய்வை வெளியிட்ட ஜெரார்ட் மூரூவுக்கு 2005 முதலே கட்டுரை இருந்தது. ஸ்ட்ரிக்லண்டின் பக்கம் அறிவிப்பு வெளிவந்த பின்னர்தான் எழுந்தது. இந்த அவமானம் நடந்து நான்கு மாதம் கழித்துத்தான் ஃபெல்ப்ஸ் நீக்கப்பட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கும் முன்பு, 2013இல், அமெரிக்க நாவலாசிரியர் என்ற பகுப்பிலிருந்து பெண்களை ஒவ்வொருவராகப் பெயர்த்துப் பெண் நாவலாசிரியர் என்ற தனிப் பகுப்புக்குள் இட்டார்கள். எழுத்தாளர் அமாண்டா ஃபிலிப்பாச்சி நியூயோர்க் டைம்ஸில் எழுதிய பிறகே பலருக்கும் அது தெரியவந்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் நிறுவனம் 2011இல் அறிவித்த இலக்கு இன்னொன்று: தொகுப்பாளர்களில் பெண்களின் பங்கை 2015க்குள் 25 வீதமாக்குவது. எட்டவில்லை. பொறுப்பிலிருந்தவரே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கேட்டால் வரும் பதில், கலைக்களஞ்சியம் உலகின் பாரபட்சத்தைக் காட்டும் கண்ணாடி மட்டுமே என்பது. கண்ணாடி உரையாடல் நடத்தி ஆளை நீக்குவதில்லை. நிறுவனத்தைக் கேட்டால் தன்னார்வலர்கள் முடிவெடுத்தார்கள் என்கிறது. தன்னார்வலர்கள் விதியைக் காட்டுகிறார்கள். விதி பத்திரிகைகளைக் காட்டுகிறது. சம்பளமின்றி உழைப்பவர்கள் என்பது உண்மைதான், ஆனால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டவர்கள் பொறுப்பையும் எடுக்க வேண்டும். 2017 முதல் 2020 வரையான நீக்கல் பரிந்துரைகளை ஆராய்ந்த பிரான்செஸ்கா திரிபோடி, இருக்கும் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களின் பங்கைவிட, நீக்கப் பரிந்துரைக்கப்படுபவற்றில் அவர்களின் பங்கு தொடர்ந்து அதிகமாக இருப்பதைக் காட்டினார். தகுதியுள்ளவர் என்று பின்னர் தீர்மானிக்கப்பட்ட பெண்களும் அந்த வரிசையில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். இதெல்லாம் கண்ணாடியின் வேலையா?

அமெரிக்க ஆய்வுகூடத்துப் பெண்ணுக்கே இந்த நிலையென்றால் இலங்கையின் வன்னிக்கு என்ன கிடைக்கும்? 2008இல் போரால் ஊரே இடம்பெயர்ந்த கனகராயன்குளம் போன்ற இடங்களில், பெண்கள் செய்தவற்றுக்கு அச்சில் சான்று தேடுவது வீண் வேலை. வன்னியில் அச்சான ஈழநாதம் பத்திரிகை போரோடு நின்றுபோனது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி ஆலயத்தின் முன்பும், நான்கு நாள் கழித்து வவுனியாவிலும் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான போராட்டத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கியவர்கள் தாய்மாரும் மனைவியரும். ஏ-9 வீதியால் போனவர்கள் அவர்களைக் கண்டார்கள். பத்திரிகைப் படங்களின் கீழ் பெரும்பாலும் அச்சானது உறவுகள், தாய்மார் என்பதே, பெயரில்லை. பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்தும்விட்டார்கள். நாளை அவர்களில் ஒருவரைப் பற்றி யாராவது எழுதினால், ஃபெல்ப்ஸுக்குச் சொன்ன அதே வாசகம் காத்திருக்கிறது. யாழ்ப்பாணத்து மயூரநாதன் 2003இல் கட்டியெழுப்பத் தொடங்கி, ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கண்ட தமிழ் விக்கிப்பீடியாவும் அதே குறிப்பிடத்தக்கமை அளவுகோலின் வழியில்தான் நடக்கிறது.

சான்று வேண்டாம் என்று எவரும் கேட்கவில்லை. எது சான்று என்பதை விரிக்க வேண்டும். முடிவெடுக்கும் இடத்தில் இதுவரை இல்லாதவர்கள் அமர வேண்டும். எவ்வாறு என்பதைப் பொறுப்பிலிருப்பவர்களே கண்டுபிடிக்கட்டும். 2011இல் இலக்கை அறிவித்தவர்களுக்கு அதற்கு வேண்டிய காலம் தாராளமாகவே கிடைத்துவிட்டது.