பங்கசைப் பழித்தால் நோய் தீருமா?

பங்கசு இருந்தால் நோய் உண்டு. நாசினி தெளித்தால் நோய் தீர்ந்துவிடும் என்று வாதிப்போர் உளர். வரலாறும் விஞ்ஞானமும் இவ்வாதத்தை மறுக்கின்றன.

1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட துருநோய் கோப்பிப் பயிர்ச்செய்கையை அழித்தது. 1880களிற் கொச்சிக்கடையை அடுத்த துறைமுகத்திற் கோப்பி மூடைகள் அருகின. எனினும், அப்பங்கசின் வித்தி ஈரமுள்ள இலையிலன்றி முளைப்பதில்லை. சூழலின் குறிப்பறிந்தே பங்கசு பகையாகின்றது.

நெல்லின் எரிபந்தப் பங்கசில், அக்குறிப்பைக் கடத்தி வேண்டிய பரம்பரையலகுகளைத் தொழிற்படுத்தும் புரதமொன்று உண்டு. அதனை ஆக்கும் பிஎம்கே 1 என்னும் பரம்பரையலகை நீக்கின், வித்தி முளைக்கும், இலையைத் துளைக்கும் உறுப்புத் தோன்றாது, நோயும் விளையாது. சூவும் ஹேமரும் 1996இல் இதனை நிறுவினர்.

ஆகவே, ஆராயவேண்டியது பங்கசு பகையாகும் அந்த வேளையையே. அதனை விடுத்து நாசினியை மட்டும் நம்புவோர், நாளடைவில் நாசினிக்கு அஞ்சாத பங்கசையே வளர்த்தெடுப்பர்.