வேட்டிக்கு எச்சரிக்கை உண்டு, முகத்துக்கு?

தீபாவளிக்கு முந்திய வாரம் பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலையில் தாத்தாவைப் படம் எடுத்தேன். உச்சி வெயில். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எடுத்ததும் கேமராத் திரையில் வேட்டி விட்டு விட்டுச் சிமிட்டியது. வெளிச்சம் மிஞ்சி, அங்கே விவரம் அழிகிறது என்ற எச்சரிக்கை அது. உடனே வெளிச்சத்தைக் குறைத்தேன், சிமிட்டல் நின்றது. வீட்டில் கணினியில் பார்த்தால் வேட்டியின் மடிப்பெல்லாம் தெளிவு. தாத்தாவின் முகம் மட்டும் இருட்டு.

எச்சரிக்கை பொய் சொல்லவில்லை. அது சொல்லாததையும் சொன்னதாக நான்தான் எடுத்துக்கொண்டேன். ஜேபெக் படத்தில் ஒளியின் அளவு 0 முதல் 255 வரை. உச்சத்தைத் தொட்ட இடம் கேமராவில் சிமிட்டும். லைட்ரூம் மென்பொருளில் அது சிவப்பாகவும், முற்றிலும் கறுத்த இடம் நீலமாகவும் தெரியும். முகம் 30, 40இல் மங்கிக் கிடந்தால் எந்த அடையாளமும் வராது. எது வேட்டி, எது முகம் என்று இந்த எச்சரிக்கைக்குத் தெரியாது.

அளவுகோல்களுக்கும் வரலாறு உண்டு. 1950களிலிருந்து கோடக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டையில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்பது கணக்கு. பல நிறப் பெண்கள் ஒன்றாக அந்த அட்டையில் இடம்பெற்றது 1990களில். வீடியோ கேமராவின் வரிக்குதிரைக் கோடுகளை முகத்துக்கு 70 விழுக்காட்டில் வைக்கும் பழக்கமும் வெளிர்நிறத் தோலுக்கே பொருந்தும். அப்படியே பின்பற்றினால் நம் முகம் வெளிறிப்போகும். நமக்கு அதைவிடக் குறைவான அளவு வேண்டும்.

‘பிறகு மென்பொருளில் வெளிச்சத்தைக் கூட்டலாமே’ என்பார்கள். கூட்டலாம், இருட்டிலிருந்து முகத்தோடு சேர்ந்து புள்ளி புள்ளியாக அழுக்கும் எழும். வெளுப்பாக்கும் செயலிகளும் விடையல்ல. நம் நிறம் நம் நிறமாகவே தெரிய வேண்டும்.

பள்ளி விழாவிலும் கல்லூரி நிகழ்ச்சியிலும் கேமரா பிடிக்கும் நண்பர்களே, முதலில் முகத்தில் ஒளியை அளந்து பாருங்கள். வெயில் கடுமையானால் ஆளை நிழலுக்கு அழையுங்கள். ரா கோப்பாக எடுத்தால், சிமிட்டிய வெள்ளையையும் ஓரளவு மீட்கலாம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் இரவில் கடை விளக்கு சிமிட்டினால் விட்டுவிடுங்கள். விளக்குக்குள் பார்க்க என்ன இருக்கிறது?

தாத்தாவை அஞ்சடி நிழலில் நிறுத்தி மறுபடி எடுத்தேன். வேட்டியின் ஓரம் கொஞ்சம் சிமிட்டியது. சிமிட்டட்டும் என்று விட்டேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது அந்தப் படம்தான் தொங்குகிறது.