கெய்ரோவுக்குப் போகும் வழி கணக்குப் பிரிவைக் கடந்து செல்கிறது

பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருவர் கெய்ரோவில் நடக்கும் கருத்தரங்குக்குப் போய்வருவது பயணமா, தண்டனையா என்ற கேள்வியை நிர்வாகங்கள் தமக்குள் கேட்டுக்கொள்வதில்லை. நிதி வழங்குவது நிறுவனத்தின் வேலை, பயணத்தைத் திட்டமிடுவது ஆய்வாளரின் சொந்த வேலை என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக வேரூன்றியிருப்பதே காரணம். அந்த நம்பிக்கை தவறானது. எந்த நாளில், எந்த ஊர் வழியாக, யாருடைய கைப்பணத்தில் என்பவை முடிவாகும் விதமே, யார் ஆய்வுலகில் நிற்பார், யார் ஓசையின்றி விலகுவார் என்பதையும் முடிவுசெய்கிறது.

வட ஆப்பிரிக்காவுக்கும் தமிழாய்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் இன்னும் இருக்கிறார்கள். எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குசைர் அல்-கதீமில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. அதே இடத்தில் கிடைத்த மற்றோர் ஓட்டில் ‘பானை ஒறி’ என்று எழுதியிருந்தது. அதற்கும் தெற்கே பெரெனிகேயில் தமிழ்-பிராமி பொறித்த ஓடும், இந்தியச் சாடியொன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. முசிறிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் இடையே நடந்த வணிகத்தின் கடன் ஒப்பந்தம் எழுதப்பட்ட பப்பைரஸ் இன்று வியன்னாவில் இருக்கிறது. தமிழர் கடல்வணிக வரலாற்றை எழுதுகிறவர் எகிப்து மண்ணில் கால் வைக்காமல் எழுதினால், அவர் பிறர் எடுத்த புகைப்படங்களையும் பிறர் எழுதிய அறிக்கைகளையும் நம்பியே எழுதுகிறார் என்று பொருள். மேடைதோறும் பழந்தமிழரின் கடலோட்டத்தைப் புகழும் கல்விப்புலம், அந்தக் கடலோட்டத்தின் மறுகரைக்குத் தன் மாணவரை அனுப்பும்போது மட்டும் கையை இறுக்கிக்கொள்கிறது.

முதல் தடை வழி. பெங்களூரிலிருந்து கெய்ரோவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், அபுதாபி, தோகா ஆகியவற்றுள் ஒன்றில் இறங்கி மாற வேண்டும்; அல்லது மும்பை சென்று அங்கிருந்து எகிப்து நாட்டு விமானத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது வழி சில நாட்களில் மலிவாகத் தெரியும். ஆனால் பெங்களூர்-மும்பைச் சீட்டையும் மும்பை-கெய்ரோச் சீட்டையும் தனித்தனியே வாங்கியவருக்கு, முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது சீட்டு வெறும் காகிதம். ஒரே முன்பதிவில் முழுவழியும் அடங்கியிருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனியே இருந்தால் இழப்பு பயணியுடையது. இந்த வேறுபாடு ‘குறைந்த கட்டணம்’ என்ற ஒற்றை அளவுகோலை வைத்திருக்கும் எழுத்தரின் கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது தடை விசா. எகிப்தின் தூதரகம் புதுதில்லியில். துணைத் தூதரகம் மும்பையில். பெங்களூர் ஆய்வாளரின் கடவுச்சீட்டு அங்கே போய்த் திரும்ப வேண்டும். ஆனால் அமெரிக்க, பிரித்தானிய அல்லது ஷெங்கன் விசாவைக் கடவுச்சீட்டில் ஏற்கெனவே வைத்திருக்கும் இந்தியருக்கு, எகிப்தில் இறங்கியபின் விசா பெறும் சலுகை உண்டு. இந்தச் சலுகையின் பொருளைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஐரோப்பா ஏற்றுக்கொண்ட இந்தியரை ஆப்பிரிக்காவும் தயங்காமல் ஏற்றுக்கொள்கிறது. ஐரோப்பா காணாத இந்தியர் வரிசையில் நிற்கிறார். 1955இல் பாண்டுங்கில் நேருவும் நாசரும் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். 2023இல் புதுதில்லியில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி-20 அமைப்பில் சேர்க்கப்பட்டது. உலகளாவிய தெற்கு என்ற சொல் அதன்பின் இந்தியக் கல்விக்கூடங்களின் கருத்தரங்குத் தலைப்புகளில் நிரம்பி வழிகிறது. தெற்கிலிருந்து தெற்கே போகிறவருக்கு மட்டும் வடக்கின் முத்திரை இன்னும் தேவைப்படுகிறது.

மூன்றாவது தடை, எல்லாவற்றையும்விடக் கொடியது, பணம் நகரும் வரிசை. விசா விண்ணப்பத்துக்குப் பயண முன்பதிவும் தங்குமிட முன்பதிவும் வங்கிக் கணக்கு விவரமும் வேண்டும். முன்பதிவுக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு நிதியுதவி ஆணை வேண்டும். ஆணை வந்தாலும் தொகை வருவதில்லை. பெரும்பாலான திட்டங்களில் செலவழித்துவிட்டு, திரும்பி வந்து, பயணச்சீட்டையும் போர்டிங் பாஸையும் ஒட்டிக் கொடுத்தபின் மாதங்கள் கழித்தே தொகை கைக்கு வரும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கவுரை இல்லை.

இந்த வரிசையில் யார் தாக்குப்பிடிப்பார்? 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. அவர்கள் கடன் வாங்கிச் சமாளிக்கக்கூடும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத உதவித்தொகை பெறுகிறவருக்கு மாதம் 8,000 ரூபாய். போய்வரும் பயணச்சீட்டு ஒன்றே அவருடைய பல மாதத் தொகையை விழுங்கிவிடும். மாநிலப் பல்கலைக்கழகங்களில் எந்த உதவித்தொகையும் இல்லாமல், கல்லூரியில் மணிக்கணக்குப் பாடம் எடுத்து வாழும் ஆய்வாளர்களின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. ‘செலவழித்துவிட்டுப் பெற்றுக்கொள்’ என்ற விதி தாளில் அனைவருக்கும் ஒன்று; நடைமுறையில் அது வீட்டில் கடன் அட்டை உள்ளவருக்கு நிதியுதவி, இல்லாதவருக்கு நிராகரிப்பு. முதல் தலைமுறைப் பட்டதாரியின் பெயர் நிராகரிக்கப்பட்டோர் பட்டியலில் வருவதுகூட இல்லை. அவர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு போதும். மத்திய அரசு ஊழியர் குடும்பத்தோடு விடுப்புப் பயணச் சலுகையில் ஊர் சுற்றக் கிளம்பினால், கட்டணத்தில் 90 விழுக்காடு வரை முன்பணம் பெறலாம். அது அவருடைய உரிமை. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. விடுமுறைக்கு முன்பணம் தரத் தெரிந்த ஓர் அமைப்புக்கு, கல்வெட்டும் பானையோடும் படிக்கப் போகிறவருக்கு முன்பணம் தரத் தெரியாமற் போனது எப்படி என்பதே கேள்வி.

2022 ஜூனில் நிதியமைச்சகம் வெளியிட்ட அறிவுறுத்தலும் இங்கே நினைவுகூரத்தக்கது. அரசுச் செலவில் பறப்போர் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்று முகவர் வழியாகவே சீட்டு வாங்க வேண்டும்; இயன்றவரை 21 நாட்களுக்கு முன்பே வாங்க வேண்டும்; 72 மணி நேரத்துக்குள் வாங்கினால் காரணம் எழுதித் தர வேண்டும். ஊழியருக்கென எழுதப்பட்ட இவ்விதியைப் பல நிறுவனங்கள் ஆய்வாளருக்கும் பொருத்துகின்றன. விதியின் நோக்கம் சரியானது: முன்கூட்டி வாங்கினால் கட்டணம் குறையும். ஆனால் 21 நாட்களுக்கு முன் சீட்டு வாங்கச் சொல்லும் அதே அலுவலகம், அனுமதிக் கோப்பைப் பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கையெழுத்திடுகிறது. பிறகு தாமதத்துக்கு விளக்கம் கேட்கிறது. தாமதித்தவர் ஒருவர், விளக்கம் எழுதுகிறவர் வேறொருவர்.

பிளினி விவரிக்கும் பண்டைய பயணத்தோடு இதை ஒப்பிடலாம். கோப்டோசிலிருந்து பெரெனிகேவுக்கு ஒட்டகத்தில் 12 நாள். கோடையின் நடுவில் கப்பல் புறப்படும். செங்கடல் வாயிலிலுள்ள ஓசெலிசிலிருந்து முசிறிக்கு 40 நாள். டிசம்பர் வாக்கில் திரும்பும் காற்று. அன்றைய வணிகருக்குக் காற்று எப்போது வீசும் என்று தெரியும். அதற்கேற்பச் சரக்கும் கடனும் ஏற்பாடாயின. இன்றைய ஆய்வாளருக்குக் கோப்பு எப்போது நகரும் என்பதைச் சொல்ல எந்தப் பருவக்காற்றும் இல்லை.

காலண்டரும் இதே கதைதான். மேல் எகிப்தில் களப்பணிக்கு உகந்த காலம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை; கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். இந்தியப் பல்கலைக்கழக விடுமுறையோ மே, ஜூன் மாதங்களில். நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், செலவழிக்காத தொகையைத் தீர்க்கும் அவசரத்தில் பயணங்கள் பிப்ரவரி, மார்ச்சில் குவிகின்றன. 2025, 2026 ஆகிய ஆண்டுகளில் ரமலான் நோன்பு அந்த மாதங்களில்தான் வந்தது. நோன்புக் காலத்தில் அருங்காட்சியகங்களும் அலுவலகங்களும் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளும். வெள்ளி, சனி வார விடுமுறை. ஐந்து நாள் அனுமதியோடு இறங்கும் ஆய்வாளருக்கு மிஞ்சுவது சில மணி நேரம்.

எகிப்துக்குள் நகர்வதும் ஒரு திட்டமே. கெய்ரோவிலிருந்து நைல் கரையோடு செல்லும் ரயில் லக்சர், அஸ்வான் வரை போகிறது. பண்டைய கோப்டோசாகிய கிஃப்டிலிருந்து வாடி ஹம்மாமத் பாலைவழியாகக் குசைர் துறைக்குச் சாலை இருக்கிறது. பழைய வணிகப் பாதையும் அதே கணவாய்வழியாகத்தான் சென்றது. அந்தச் சாலையில் ஒருமுறை பயணம் செய்தவருக்கு, துறைமுகத்துக்கும் ஆற்றுக்கும் இடையே நீர் எவ்வளவு அருமையான பொருளாக இருந்திருக்கும் என்பதைப் பாடநூல் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நிதியுதவி பெரும்பாலும் கருத்தரங்கு நடக்கும் நகரத்தோடு நின்றுவிடுகிறது. ஆய்வாளர் கெய்ரோவின் விடுதி அரங்கில் 15 நிமிடம் கட்டுரை வாசித்து, சான்றிதழோடு திரும்புகிறார். எழுதிய இடத்தைக் காணாமல் வருவதற்கே இவ்வளவு செலவு என்றால், அதுதான் பொதுப்பணத்தின் வீண்செலவு.

புறப்படும் ஊரும் தன் பங்கைச் செய்கிறது. தேவனஹள்ளி விமான நிலையம் 2008 மே மாதம் திறக்கப்பட்டது. நகரின் மெட்ரோ இன்னும் அதை எட்டவில்லை. வளைகுடா விமானங்கள் பல விடிவதற்கு முன்பே கிளம்புபவை. ஞானபாரதி வளாகத்திலிருந்து நகரின் மறுகோடியைத் தாண்டிப் போக வேண்டிய பெண் ஆய்வாளர், நள்ளிரவில் வாயு வஜ்ரா பேருந்துக்காகக் காத்திருப்பதா, வாடகைக் காருக்குக் கைப்பணம் கொடுப்பதா என்று முடிவுசெய்ய வேண்டும். காசபிளாங்காவின் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. மொராக்கோவில் 2018 முதல் அதிவேக ரயிலும் ஓடுகிறது. ‘அங்கே போய்ச் சுற்றுவது கடினமாயிற்றே’ என்று அக்கறையோடு கேட்பவர்கள் முதலில் பெங்களூரைச் சுற்றிப் பார்க்கலாம்.

மூன்று மறுப்புகள் வழக்கமாக எழுகின்றன. முதலாவது, விதிகள் பொதுப்பணத்தைக் காக்கின்றன என்பது. காக்கட்டும். நிறுவனமே முகவருக்கு நேரடியாகக் கட்டணம் செலுத்தினால் முறைகேட்டுக்கு இடம் குறையுமே தவிரக் கூடாது. ஆய்வாளரின் கையில் பணம் போகவில்லை, போலிச் சீட்டுக்கு வழியுமில்லை. எனவே இன்றைய முறை காப்பது பொதுப்பணத்தை அல்ல, பழக்கத்தை.

இரண்டாவது, இணையவழிக் கருத்தரங்கு போதுமே என்பது. கட்டுரை வாசிக்கப் போதும். பானையோட்டின் கீறல் சுடுவதற்கு முன் போடப்பட்டதா, பின்னரா என்பதைத் திரையில் தீர்மானிக்க முடியாது. மேலும், இந்த அறிவுரை துறைத்தலைவர்களின் ஐரோப்பியப் பயணக் கோப்புகளில் எழுதப்படுவதில்லை. மாணவரின் ஆப்பிரிக்கப் பயணக் கோப்பில் மட்டும் எழுதப்படுகிறது.

மூன்றாவது, விமானப் பயணம் புவியைச் சூடாக்குகிறது என்பது. உண்மை. அதனாலேயே ஒரு பயணத்தில் கருத்தரங்கையும் களத்தையும் ஆவணக்காப்பகத்தையும் சேர்த்துப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும். ஐந்து நாளில் திருப்பி அழைத்து, இரண்டாண்டு கழித்து அதே ஊருக்கு மறுபடியும் அனுப்புவது எந்தச் சூழலியல்?

செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. ஒப்புதல் கிடைத்ததும் பயணச்சீட்டை நிறுவனமே வாங்கித் தரலாம். விசாக் கட்டணத்துக்கும் தங்குமிடத்துக்கும் முன்பணம் தரலாம். விண்ணப்பத்தின் மீதான முடிவை, பயணத்துக்கு 45 நாட்களுக்கு முன் எழுத்தில் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கலாம். தாமதத்துக்கான விளக்கத்தைக் கோப்பை வைத்திருந்தவரிடம் கேட்கலாம். கட்டணத்தை மட்டும் ஒப்பிடாமல், இடைநிறுத்த நேரம், ஒரே முன்பதிவின் பாதுகாப்பு, நள்ளிரவுப் போக்குவரத்து ஆகியவற்றையும் சேர்த்த மொத்தச் செலவை ஒப்பிடலாம். உள்நாட்டு ரயில், சாலைப் பயணத்தை ஆய்வின் பகுதியாக ஏற்கலாம். இவற்றுள் எதற்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. பதிவாளரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

கெய்ரோவில் அடுத்த கருத்தரங்கு அறிவிக்கப்படும். பெங்களூரிலிருந்து ஒருவர் போவார், ஒருவர் போகமாட்டார். போனவரின் கட்டுரை சிறந்ததாக இருந்தால் நல்லது. போகாதவரின் கட்டுரை சிறந்ததாக இருந்திருந்தால் அது எவருக்கும் தெரியவே போவதில்லை. அந்த அறியாமைக்குத் தகுதி என்று பெயர் சூட்டி, தேர்வுக் குழுக்கள் பிற்பாடு மதிப்பெண் போடும்.