செய்தவர் யார், செய்வித்தவர் யார்?

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்று கேட்டால், சிறு பிள்ளையும் இராசராச சோழன் என்று சொல்லிவிடும். 'அப்படியானால் கல்தச்சர்கள் என்ன செய்தார்கள்?' என்று வேடிக்கையாகத் திருப்பிக் கேட்பாரும் உண்டு. ஆனால் அந்த மன்னன் தன்னை அவ்வாறு சொல்லிக்கொள்ளவில்லை. 1010 ஆம் ஆண்டு நிறைவுற்ற அக்கோயிலின் கல்வெட்டில் 'நாம் எடுத்த' கற்றளி என்று இல்லை; 'நாம் எடுப்பிச்ச' கற்றளி என்றுதான் இருக்கிறது. எடுப்பித்தல் என்றால் பிறரைக் கொண்டு எடுக்கச் செய்தல். குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயரும் அக்கோயில் கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. செய்தவன் வேறு, செய்வித்தவன் வேறு என்பதைச் சோழப் பேரரசன் 'பி' என்னும் ஓரெழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

அந்த ஓரெழுத்தின் அருமை எனக்கு ஒரகடத்திலிருந்து வந்த ஒரு செய்தியால்தான் விளங்கிற்று.

என் அண்ணன் அங்கே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சியாளராக இருந்தார். ஓர் இரவு ஷிப்டில் இயந்திரத்தின் சென்சார் பழுதாயிற்று. அண்ணன் மெயின்டெனன்ஸ் பிரிவுக்குச் சொல்ல, அங்கிருந்து ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். ஷிப்ட் முடிவில் அண்ணன் பதிவேட்டில், 'ஐ ரிப்பேர்ட் தி சென்சார்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மறுநாள் அதே சென்சாரால் லைன் நின்றது. 'இயந்திரத்தைத் திறக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது?' என்று கேட்டு மெமோ வந்தது. வந்து சரிசெய்தவரே உண்மையைச் சொன்ன பிறகுதான் அண்ணனுக்கு உயிர் வந்தது.

அண்ணன் பொய் எழுதினாரா? இல்லை. 'சென்சாரைச் சரிசெய்தேன்' என்று தமிழில் நினைத்தார். அதை ஆங்கிலத்தில் எழுதினார். அவர் எழுதியிருக்க வேண்டியது, 'ஐ ஹேட் தி சென்சார் ரிப்பேர்ட்' என்பது. அதாவது, ஆளைக் கொண்டு சரிசெய்வித்தேன்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அதே சொற்களை இடம் மாற்றி, 'ஐ ஹேட் ரிப்பேர்ட் தி சென்சார்' என்று எழுதினால், 'நானே முன்னதாகச் சரிசெய்திருந்தேன்' என்று பொருள் மாறிவிடும். தமிழில் வேற்றுமை உருபு பொருளைக் காப்பதால் சொல் சற்று இடம் மாறினாலும் குற்றமில்லை. ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே உருபின் வேலையைச் செய்கிறது. ஒரு சொல் நகர்ந்தால் பழியும் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு நகர்ந்துவிடுகிறது!

பிறவினை என்பது நமக்குப் புதியதா? பள்ளியிலேயே படித்ததுதான். திருந்தினான், திருத்தினான், உருண்டது, உருட்டினான், உண்டாள், ஊட்டினாள். இன்னும் ஒரு படி ஏறினால் திருத்துவித்தான், உருட்டுவித்தான். 'வி', 'பி' என்னும் விகுதிகள் சேர்ந்து பிறவினை பிறப்பதை நன்னூலும் சொல்கிறது. ஆனால் பேச்சில் நாம் இவற்றைக் கைவிட்டோம். சலூனுக்குப் போய் வந்து 'முடி வெட்டினேன்' என்கிறோம். கொத்தனாரை வைத்து வேலை பார்த்துவிட்டு 'வீடு கட்டினேன்' என்கிறோம். கேட்பவருக்கு உண்மை தெரியும் என்பதால் நம் தமிழ் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரிக்கோலை நாமே பிடித்ததாகப் பெரும்பாலும் கொள்வார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு நான்கு சொற்கள் முக்கியமானவை: மேக், ஹேவ், கெட், லெட். 'மேக்' என்பதில் பெரும்பாலும் வற்புறுத்தல் இருக்கிறது. 'ஹேவ்' என்பதில் உரிமையோடு சொல்லிச் செய்வித்தல் இருக்கிறது. 'கெட்' என்பதில் கேட்டோ, இணங்க வைத்தோ, முயன்றோ செய்வித்தல் இருக்கிறது. 'லெட்' என்பதில் அனுமதி இருக்கிறது. இவற்றுக்குத் தமிழிலும் வழி உண்டு: செய்ய வைத்தார், சொல்லிச் செய்தார், செய்ய விட்டார். 'வேலை வாங்கினார்' என்கிறோமே, அது 'கெட்' என்பதற்கு எவ்வளவு அருகில் வருகிறது! ஆங்கிலேயனும் 'பெறு' என்னும் பொருளுள்ள சொல்லை எடுத்தான்; நாமும் 'வாங்கு' என்பதை எடுத்தோம்.

மரபையும் மறக்கலாகாது. மேக், ஹேவ், லெட் மூன்றும் ஆளுக்குப் பின் 'டு' இல்லாமல் வினையை ஏற்கும். 'கெட்' மட்டும் 'டு' கேட்கும். 'மேக்' என்பதைச் செயப்பாட்டு வினையாக்கினால் அங்கும் 'டு' வந்து ஒட்டிக்கொள்ளும். 'தே மேட் அஸ் ஸ்டே' என்பது, 'வி வேர் மேட் டு ஸ்டே' என்றாகும்.

இவ்வளவு நுணுக்கம் நமக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். நாம் வாழும் ஊரைப் பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும். இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி, 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010 இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான் ஆலை வந்தது. 2006 இல் ஆரவாரமாகத் திறந்த நோக்கியா ஆலை 2014 இல் உற்பத்தியை நிறுத்தியதையும் இவ்வூர் பார்த்தது. கொரியர், ஜப்பானியர், ஐரோப்பியர், வடநாட்டார், நம்மவர் என்று பலரும் கூடும் இடத்தில், பதிவேடுகளும் கடிதங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. அங்கே வேலைக்குப் போகப்போகிறவர்கள் நாம்தாம்.

'இரவு முழுதும் நிற்க வைத்தார்கள்' என்று முறையிட வேண்டியவன், 'லெட்' என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? அவன் விரும்பி நின்றான், அவர்கள் அனுமதித்தார்கள் என்று ஆகிவிடும். கட்டாயம் கருணையாக மாறிவிடும்! கூலிக்காரனின் குறை, அவன் கையெழுத்தாலேயே அழிந்துபோகும்.

சட்டமும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. தொழிற்சாலைக்குள் வேலை செய்பவர் ஒருவர். அவரை அனுப்பியவர் ஒப்பந்தக்காரர். அவ்வேலையைச் செய்விப்பது நிறுவனம். 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே கொடுக்க வேண்டும் என்றது. 2025 நவம்பரில் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்தப் பொறுப்பைக் கைவிடவில்லை. 'நான் செய்விக்கத்தானே செய்தேன்' என்று யாரும் தப்பிவிட முடியாது என்பதே இதன் சாரம்.

'கைப்பேசியே மொழிபெயர்த்துத் தரும்போது இலக்கணம் எதற்கு?' என்பது இன்னொரு கேள்வி. 'சரிசெய்தேன்' என்று நாம் கொடுத்தால், அது 'ஐ ரிப்பேர்ட்' என்றுதானே தரும்? நாம் சொல்லாமல் விட்டதை அது எப்படி அறியும்? முதலில் நம் தமிழில் தெளிவு வேண்டும். தமிழில் 'ஆளை வைத்துச் சரிசெய்தேன்' என்று எழுதத் தெரிந்தவனுக்கு ஆங்கிலத்தில் பாதி வழி கடந்தாயிற்று.

ஆகவே என் கருத்து இதுதான். பிறவினையைத் தமிழ் வகுப்பில் ஒரு பாடமாகவும், ஆங்கில வகுப்பில் மனப்பாடம் செய்யும் ஒரு பட்டியலாகவும் தனித்தனியே வைத்திருப்பது போதாது. முதலாண்டிலேயே தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் சேர்ந்து சில மணி நேரம் இதை நடத்தட்டும். எடுத்துக்காட்டுகளை ஷிப்ட் பதிவேட்டிலிருந்தும், விடுப்புக் கடிதத்திலிருந்தும், முறையீட்டு மனுவிலிருந்தும் எடுக்கட்டும். செய்தவர் யார், செய்வித்தவர் யார், வற்புறுத்தலா, அனுமதியா என்று மாணவரே முதலில் தமிழில் சொல்லட்டும். பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். தமிழ்வழியில் படித்தவர்க்கு ஆங்கிலம் வராது என்னும் தாழ்வு மனப்பான்மைக்கும் இதுவே மருந்து. தமிழ் இலக்கணம் ஆங்கிலத்துக்குத் தடையன்று, ஏணி என்பதை அவர்கள் கண்டுகொள்வார்கள்.

மாணவ நண்பர்களே! நாளை நாமும் ஏதேனும் ஒரு பதிவேட்டில் கையெழுத்திடுவோம். சிலர் பிறரை வேலை வாங்கும் நிலைக்கும் உயர்வோம். அன்று, செய்யாததைச் செய்ததாக எழுதிப் பழி ஏற்கவும் வேண்டாம். பிறர் செய்ததை நாம் செய்ததாக எழுதிப் புகழ் கொள்ளவும் வேண்டாம். முடிசூடிய மன்னனே 'எடுப்பிச்ச' என்று எழுதுவித்தான். நாம் எழுதுவதற்கு என்ன தயக்கம்?