சிவப்பு சிலிண்டர் வேலை செய்யுமா?

குழந்தைகளே, உங்கள் பள்ளி வராந்தாவில் சிவப்பு நிறத்தில் ஒரு சிலிண்டர் மாட்டியிருக்குமே, தீயணைப்புக் கருவி! தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறீர்கள். அதிலுள்ள முள் எந்த நிறத்தில் நிற்கிறது என்று கேட்டால், எத்தனை பேர் சொல்வீர்கள்?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலி கொண்டது. 2009-ல் உச்ச நீதிமன்றம், எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்லதுதான். ஆனால் மாட்டி வைத்தால் மட்டும் போதுமா? ஆயுத பூஜையன்று அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு, அடுத்த ஆயுத பூஜை வரை மறந்து விடுகிறோம்!

கருவியின் கழுத்தில் சின்னக் கடிகாரம் போல ஒரு வட்டம் இருக்கும். முள் பச்சையில் நின்றால், உள்ளே இருக்கும் பொடியை வெளியே தள்ளுகிற வாயு போதிய அளவு இருக்கிறது. சிவப்பில் இறங்கிக் கிடந்தால் வாயு கசிந்து விட்டது. அவசரத்துக்கு அழுத்தினால் பொடி சரியாகப் பீறிடாது. பக்கத்தில் ஒரு அட்டை தொங்கும். அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்ற தேதி அதில் இருக்கும். குழாயின் வாயையும் பாருங்கள், குளவி கூடு கட்டியிருக்கலாம். (கரியமில வாயு நிரப்பிய கருவியில் வட்டம் இருக்காது; அதை எடை போட்டுத்தான் பார்ப்பார்கள்.)

வெளிநாடுகளில் வீட்டுக் கூரையிலேயே, புகை வந்தால் அலறும் கருவியைப் பொருத்துகிறார்கள். அங்கும் இதே கதைதான். பேட்டரி தீர்ந்த கருவி பார்க்க அழகாக இருக்கும், அலறாது! அதனால்தான் மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள்.

"இதெல்லாம் சின்னப் பசங்க வேலையா? போய்ப் படி" என்று பெரியவர்கள் சொல்லலாம். கருவியைத் தூக்குவதும், பின்னை இழுப்பதும் உங்கள் வேலை இல்லைதான். தொடவே வேண்டாம். ஆனால் பார்க்க என்ன தடை? தலைமை ஆசிரியருக்கு ஆயிரம் வேலை. வராந்தாவில் தினமும் ஓடுவது நீங்கள்தானே! மாதத்தின் முதல் திங்கட்கிழமை, வகுப்புத் தலைவர் முள்ளையும் தேதியையும் பார்த்துக் கரும்பலகையில் எழுதட்டும். சிவப்பு என்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அடுத்த வாரமும் சிவப்பிலேயே இருந்தால், மறுபடியும் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்படியே பள்ளி வேனில் டிரைவர் சீட் அருகிலும் எட்டிப் பாருங்கள். அங்கேயும் ஒரு குட்டி சிலிண்டர் இருக்க வேண்டும்.