கலைவிழாவில் இடமில்லாத கதை

‘முறிந்த பனை’யின் ஆங்கில மூலம் 1990 இல் கலிபோர்னியாவின் கிளேர்மொண்ட் நகரிலிருந்து வெளிவந்தபோது, அதை எழுதிய நால்வரில் ஒருவர் உயிருடன் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் வைத்திய கலாநிதி ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்திய இராணுவ காலத்தில் எமது பெண்கள் பட்டவற்றை அவர்களிடமே கேட்டு எழுதியவர் அவர். ‘இனிக் கண்ணீர் வேண்டாம் சகோதரி’ எனப் பொருள்படும் அவரது எழுத்தின் தலைப்பே, கனடியத் தேசிய திரைப்படச் சபையின் 2005 ஆம் ஆண்டு ஆவணப்படத்துக்கும் பெயராயிற்று. நடித்துக் காட்டப்பட்ட காட்சிகளில் தாயாக வந்தவர் மகள் சரிக்கா. இன்று சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் கற்பிக்கும் அவர், 2011 இல் வெளியிட்ட ஆய்வுநூலில் தமிழரின் இடப்பெயர்வை மட்டுமன்றி, 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் துயரையும் பதிந்துள்ளார். அமெரிக்காவில் வளர்ந்த வி. வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ நாவலிலும் ராஜினியின் சாயல் கொண்ட மருத்துவப் பேராசிரியை ஒருவர் வருகிறார். 2024 இல் பிரித்தானியாவின் பெண்கள் புனைகதைப் பரிசு அதற்குக் கிடைத்தது.

ஆய்வும் கலையும் அரசியலும் ஒரே வாழ்விலிருந்து கிளைத்த இவ்வரலாற்றை அயலார் படிக்கின்றனர். எம்மவர் மண்டபங்களிலோ நடனம் ஒருநாள், நினைவுக்கூட்டம் இன்னொரு நாள். ஆய்வாளருக்குப் பெரும்பாலும் பொன்னாடையும் ஐந்து நிமிடமும்.

இவற்றைப் பேசினால் எதிரிக்கு வாய்ப்பாகும் என்பர் சிலர். அந்நூல் இலங்கை அரசையோ இந்திய இராணுவத்தையோ தப்பவிட்டதில்லை. தமிழ் இயக்கங்களையும் விட்டதில்லை. அதுவே அதன் நம்பகத்தன்மை. எம் பிழைகளை நாமே எழுதியிருக்கிறோம் என்பதைக் காட்டிலும் வலுவான சாட்சியம், நீதி கேட்டு வொஷிங்டன் செல்லும் ஒரு சமூகத்துக்கு வேறென்ன உண்டு?

நியூ ஜேர்சியிலும் ரெக்சாஸிலும் விரிகுடாப் பகுதியிலும் உள்ள எமது சங்கங்கள் வரும் செப்டெம்பரில் அப்படத்தைத் திரையிடட்டும். நூலின் சில பக்கங்களை இளையோர் தமிழில் வாசிக்கட்டும். மாற்றுக் கருத்துடையோரையும் முஸ்லிம் சகோதரரையும் மேடைக்கு அழைத்து, கேள்விகளுக்கு இரண்டு மணிநேரமாவது ஒதுக்குவோம். செலவு, ஓர் அரங்கேற்றத்தின் மேடை அலங்காரத்துக்கு ஆவதிலும் குறைவாகவே இருக்கும்.